நடையும் பாதமும் உடலும்: தோட்டப்புற வாழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, லங்காட் ஆற்றால் சிலாங்கூர் நிலப்பரப்பிலிருந்து பிரிந்து கிடக்கும் கேரி தீவு, கடலேற்றத்தைக் கரைகட்டித் தடுத்து, வடிகால்கள் வெட்டி, சேற்றுக் களிமண்ணில் உருவாக்கப்பட்ட தோட்டநிலமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலன்டைன் கேரி என்னும் தோட்டத்துரையின் முயற்சியால் பயிரிடப்பட்டு அவர் பெயராலேயே வழங்கப்படும் இத்தீவில், மா மெரி பழங்குடியினரின் ஊர்களுக்கு அருகிலேயே தமிழ்த் தொழிலாளரின் லயத்து வீடுகளும் எழுந்தன. முதலில் ரப்பர் உள்ளிட்ட பயிர்களும், பின்னர் ஏறத்தாழ முழுவதும் செம்பனையும் அம்மண்ணை நிரப்பின. இத்தகைய தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் உழைப்பு பெரும்பாலும் நடந்துகொண்டே செய்யும் உழைப்பாக இருந்ததால், நடக்கும்போது பாதம் இயங்கும் விதம் உடலின் பிற பகுதிகளை எவ்வாறு பாதிக்கிறது என்னும் கேள்வியை அவர்களுடைய வாழ்வை முன்வைத்து ஆராய்வது பொருத்தமுடையதாகும்.

இக்கேள்விக்கு மக்களிடையே இரண்டு எளிய விடைகள் வழங்கிவருகின்றன. முழங்கால் வலி, இடுப்பு வலி, முதுகு வலி ஆகிய அனைத்துக்கும் பாதத்தின் கோணலே வேர் என்பது ஒன்று; வெறுங்காலில் நடந்த முன்னோருக்கு இந்நோய்கள் இல்லை, ஆகவே காலணியே குற்றவாளி என்பது மற்றொன்று. கடந்த எழுபது ஆண்டுகளில் திரண்டுள்ள ஆய்வுகள் இவ்விரண்டையும் முழுமையாக ஏற்கவில்லை. பாதத்தின் வடிவத்தைக் காட்டிலும் அதன்மேல் விழும் சுமையும், அது மிதிக்கும் தரையும், அதன் தொடுவுணர்வும் உடல்நலத்தைக் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன என்பதே அச்சான்றுகளிலிருந்து பெறப்படும் முடிவாகும்.

பாதத்தின் அமைப்பும் நடையின் சுழற்சியும்

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் முப்பதுக்கு மேற்பட்ட மூட்டுகளும் உள்ளன. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை நீளவாக்கில் அமையும் வில் போன்ற உயர்வு நெடுக்கு வளைவு எனவும், பாதத்தின் அகலவாக்கில் நடுப்பகுதியில் அமையும் உயர்வு குறுக்கு வளைவு எனவும் கூறப்படும். நெடுங்காலமாக நெடுக்கு வளைவே பாதத்தின் விறைப்புக்குக் காரணம் என்று கருதப்பட்டுவந்தது. ஆனால் மதுசூதன் வெங்கடேசனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அவ்விறைப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பங்கு குறுக்கு வளைவுக்கு உரியது என்று காட்டியது. வளைவு தாழ்ந்ததாகத் தோன்றும் பாதமும் போதிய உறுதியுடன் இயங்கக்கூடும் என்பதற்கு இக்கண்டுபிடிப்பு ஒரு விளக்கம் தருகிறது.

ஒரு குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அதே குதிகால் மீண்டும் தரையைத் தொடும்வரையிலான இயக்கம் நடைச் சுழற்சி எனப்படும். அதில் சுமார் 60 விழுக்காட்டு நேரம் அந்தப் பாதம் தரையில் ஊன்றியும், 40 விழுக்காட்டு நேரம் காற்றில் வீசியும் இருக்கும். ஊன்றும் காலத்தில் உடல் முதலில் குதிகாலின் மேலும், பின்னர் கணுக்கால் மூட்டின் மேலும், இறுதியில் விரலடி மூட்டுகளின் மேலும் உருண்டு முன்செல்கிறது. குதிகால் ஊன்றியவுடன் பாதம் சற்றே உட்புறமாகச் சாய்ந்து தளர்வதால் அதிர்ச்சி தணிகிறது. உட்சரிவு எனப்படும் இச்சாய்வு இயல்பானதே தவிர, பலரும் அஞ்சுவதுபோல் நோய்க்குறி ஆகாது. உடல் முன்னகர்ந்து குதிகால் மேலெழும்போது பாதம் எதிர்த்திசையில் திரும்பி விறைப்படைந்து, தரையை உந்தித் தள்ளும் நெம்புகோலாக மாறுகிறது.

தளர்ந்த பாதம் நொடிப்பொழுதில் விறைப்பான பாதமாக மாறுவதற்கான வழிமுறை ஒன்றை ஜே. எச். ஹிக்ஸ் 1954-இல் விளக்கினார். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓர் உறுதியான நார்ப்பட்டை ஓடுகிறது. குதிகால் உயர்ந்து விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றிக்கொள்வதைப் போல அப்பட்டை விரலடி மூட்டைச் சுற்றி இழுபட்டு, வளைவைத் தானாகவே உயர்த்துகிறது. பெருவிரல் மூட்டு இறுகியவர்களுக்கும் அந்நார்ப்பட்டை புண்பட்டவர்களுக்கும் உந்துதல் பலவீனமடைவதற்கும், காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் வலிப்பதற்கும் இவ்வமைப்பே அடிப்படையாகும்.

நடை சிக்கனமான செயல் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஊன்றிய காலின் மேல் உடல் ஏறி இறங்கும்போது உயரத்தால் பெற்ற ஆற்றல் வேகமாகவும், வேகம் மீண்டும் உயரமாகவும் மாறுவதால், இயல்பான வேகத்தில் அவ்வியக்க ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி ஒவ்வோர் அடியிலும் மீட்கப்படுகிறது. ஓட்டத்தில் இப்பணியைத் தசைநாண்களும் வளைவும் ஏற்கின்றன. ஆர். மெக்நீல் அலெக்சாந்தரின் குழுவினர் 1987-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஓடும்போது ஒவ்வோர் ஊன்றலிலும் கைமாறும் ஆற்றலில் சுமார் 17 விழுக்காட்டைப் பாதவளைவு தேக்கித் திருப்பித் தருகிறது.

பாதத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லும் விசை

உடல் தரையை அழுத்தும்போது தரை அதே அளவில் திருப்பித் தள்ளும் விசை தரை எதிர்விசை எனப்படும். இயல்பான நடையில் அதன் உச்சம் உடல் எடையைவிடச் சற்றே அதிகமாகவும், ஓட்டத்தில் இரண்டு முதல் மூன்று மடங்காகவும் இருக்கும். ஆனால் மூட்டுகள் தாங்குவது இதைவிட அதிகம். உடலை நிமிர்த்திப் பிடிக்கத் தசைகள் இழுக்கும் இழுப்பும் மூட்டின் மேலேயே விழுகிறது. செயற்கை முழங்கால் மூட்டுக்குள் அளவுமானி பொருத்தி பெர்லின் நகர ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சமதரையில் நடக்கும்போது முழங்கால் தாங்கும் உச்ச விசை உடல் எடையின் 2.6 மடங்காகவும், படியேறும்போது 3.2 மடங்காகவும், படியிறங்கும்போது 3.5 மடங்காகவும் இருந்தது.

பாதம் உட்சரியும்போது கெண்டைக்கால் எலும்பு உட்புறமாகச் சுழல்கிறது. அதைத் தொடர்ந்து தொடை எலும்பும் இடுப்புக்கூடும் சிறிதளவு திரும்புகின்றன. இத்தொடர்பு உடற்கூற்றில் உறுதியானது என்றாலும், அதனால் நோய் வருமா என்பது தனிக் கேள்வியாகும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்து முதியோரிடையே நடந்த நெடுங்கால ஆய்வில், தட்டைப் பாதம் உடையவர்களிடம் முழங்கால் வலியும் குருத்தெலும்புச் சேதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2011-இல் வெளியான கட்டுரையும், நடையில் மிகுதியாக உட்சரியும் பாதமுடைய பெண்களிடம் கீழ்முதுகு வலி கூடுதலாக இருந்ததாக 2013-இல் வெளியான கட்டுரையும் கூறுகின்றன. இவை ஒரே காலத்தில் இரண்டையும் அளந்து கண்ட உடனிகழ்வுகள் ஆதலால், பாதம் சரிந்ததால் முழங்கால் கெட்டதா, முழங்கால் கெட்டதால் நடை மாறிப் பாதம் சரிந்ததா என்பதை இவற்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. மேலும், அமெரிக்கத் தரைப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பயிற்சிக் காலம் முழுவதும் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியான ஆய்வில், தாழ்ந்த வளைவு உடையவர்களைவிட உயர்ந்த வளைவு உடையவர்களே கூடுதலாகக் காயமுற்றனர். தட்டைப் பாதத்தைக் குறையாகக் கருதி ஒதுக்கிவந்த பழைய வழக்கத்துக்கு இம்முடிவு நேர்மாறானது.

வெறுங்காலும் காலணியும்

காலணி பாதத்தை மாற்றுமா என்னும் ஆய்வுக்குத் தென்னிந்தியா மிகச் சிறந்த களமாக அமைந்தது. ஒரே ஊரில், ஒரே வயதில், வெறுங்காலில் நடக்கும் குழந்தைகளும் சப்பாத்து அணியும் குழந்தைகளும் அங்கு வாழ்ந்தனர். மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரையில், காலணி அணிந்த குழந்தைகளிடம் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாத குழந்தைகளிடம் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்ததாகப் பதிவு செய்தனர். விரல்களை மூடும் சப்பாத்து அணிந்தவர்களிடம் அது மிகுதியாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் இருந்தது. சச்சிதானந்தமும் ஜோசப்பும் வளர்ச்சி முடிந்த 1,846 பேரை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட கட்டுரை, ஆறு வயதுக்கு முன்பே காலணி அணியத் தொடங்கியவர்களிடம் 3.24 விழுக்காடும், பதினாறு வயதுக்குப் பின் தொடங்கியவர்களிடம் 1.75 விழுக்காடும் தட்டைப் பாதம் காணப்பட்டதாகக் கூறியது. உடற்பருமனும் மூட்டிணைப்புகளின் தளர்ச்சியும் உடையவர்களிடமும் அது மிகுதியாக இருந்தது.

ஹாங்காங்கில் 1958-இல் வெளியான ஆய்வொன்று, பெருவிரல் பக்கவாட்டில் வளைந்து அடுத்த விரலை நெருக்கும் கோணல், காலணி அணிந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கும் இருந்ததாகக் கண்டது. தென்னிந்திய வெறுங்கால் நடையர்களையும் காலணி அணியும் இந்தியர்களையும் ஐரோப்பியர்களையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியான பெல்ஜிய ஆய்வு, வெறுங்காலில் நடந்து பழகியவர்களின் முன்பாதம் அகன்றிருந்ததையும், அழுத்தம் குதிகாலிலும் விரலடிகளிலும் குவியாமல் உள்ளங்கால் முழுவதும் பரவியிருந்ததையும் காட்டியது. முழங்கால் தேய்வு உடையவர்கள் வெறுங்காலில் நடந்தபோது, மூட்டின் உட்புறத்தை நெருக்கும் திருப்புவிசை அவர்களுடைய வழக்கமான காலணியில் நடந்ததைவிடச் சுமார் 12 விழுக்காடு குறைந்ததாக ஷாகூர், பிளாக் ஆகியோரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வும் கூறுகிறது.

இவை அனைத்தும் வெறுங்காலுக்குச் சாதகமானவை. ஆயினும் மலாயாத் தோட்டங்களின் வரலாறு இதன் மறுபக்கத்தையும் முன்வைக்கிறது. ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்று, குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகின்றன. சாமுவேல் டார்லிங் தலைமையில் ராக்பெல்லர் நிறுவனத்தின் குழு ஒன்று 1915-இலிருந்து சில ஆண்டுகள் மலாயாவிலும் சாவகத்திலும் பிஜியிலும் இப்புழுவை ஆராயும் அளவுக்கு அது தோட்டத் தொழிலாளரை வாட்டியது. கழிப்பிட வசதியற்ற லயங்களில் வெறுங்கால் நடை நலத்துக்கு உதவும் தேர்வாக இருக்கவில்லை. வறுமையின் விளைவாகவே இருந்தது. அகன்ற பாதமும் சீரான அழுத்தமும் பெற்றிருந்த அதே தொழிலாளி, அப்பாதத்தின் வழியே நுழைந்த புழுவால் இரத்தம் குன்றி, மலை ஏறவும் சுமை தூக்கவும் வலுவிழந்து நின்றார்.

தோட்டத் தரையும் தோளின் சுமையும்

ரப்பர் தோட்டத்துப் பால்மரம் வெட்டுபவர், விடியுமுன் பெரட்டுக்களத்தில் கூடிக் கணக்குக் கொடுத்து, தமக்குரிய நிரையில் முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்களை ஒவ்வொன்றாகச் சென்று வெட்டி, பின்னர் அதே வழியில் திரும்பி வந்து பால் சேர்த்தார். வெட்டுப்பட்டையின் உயரத்துக்கு ஏற்பக் குனிந்தும் நிமிர்ந்தும் மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் நகரும் அவருடைய அடிகள், நேராக முன்செல்லும் நடையை மட்டுமே அளந்த ஆய்வுக்கூடங்களில் இடம்பெறுவதில்லை. சேர்த்த பாலை இரு முனைகளிலும் வாளி தொங்கும் காண்டாக் கம்பில் தோளேற்றிக் கொட்டகைக்குக் கொண்டுசெல்வது வழக்கம். வளைந்து கொடுக்கும் கம்புகளில் சுமையோடு ஓடியவர்களை அளந்து ரோஜர் கிராம் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய கம்பு தோளில் விழும் உச்ச விசையைக் குறைத்தாலும் உடல் செலவிடும் ஆற்றலைக் குறைக்கவில்லை என்று கண்டது. தோளுக்குக் கிடைத்த அந்தச் சலுகை உடலின் மொத்தச் செலவுக்குக் கிடைக்கவில்லை.

செம்பனைத் தோட்டத்தின் சுமை வேறு வகையானது. இளமரத்தில் உளி கொண்டும், உயர்ந்த மரத்தில் நீண்ட கழியின் நுனியிலுள்ள அரிவாள் கொண்டும் வெட்டி வீழ்த்தும் குலைகள் பலவும் பத்துக் கிலோவுக்கு மேற்பட்டவை. சில இருபதையும் தாண்டும். அவற்றைத் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்றி, வடிகால்களின் மேல் போட்ட ஒற்றைப் பலகையைக் கடந்து, மழையில் குழையும் களிமண்ணில் தள்ளிச் செல்ல வேண்டும். மெத்தென்ற தரை பாதத்தின் உந்துதலை உறிஞ்சிக்கொள்வதால் நடையின் இயல்பான சிக்கனம் அங்கே கெடுகிறது. மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது என்று 1998-இல் வெளியான பெல்ஜிய ஆய்வு கணித்தது. களிமண்ணின் அளவு மணலுக்குச் சமமாக இராது எனினும், கால் புதையும் தரை எதுவாயினும் இழப்பு நேர்வது உறுதி. பாம்புக்கும் முள்ளுக்கும் அரிவாள் முனைக்கும் காவலாக அணியும் ரப்பர் பூட்ஸும் தன் விலையைப் பெறுகிறது: காலில் கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் நடையின் ஆற்றல் செலவு 7 முதல் 10 விழுக்காடு உயர்கிறது. குலை வெட்டுபவர்களிடையே மலேசியப் பல்கலைக்கழகங்கள் நடத்திய ஆய்வுகள் கீழ்முதுகு வலியை முதன்மையான முறையீடாகக் காண்கின்றன. அதற்கான காரணத்தைப் பாதவளைவில் தேடுவதைவிட, தூக்கும் எடையிலும் அண்ணாந்த நிலையிலும் வழுக்கும் தரையிலும் தேடுவதே முறையாகும்.

சுமையோடு நடப்பது எப்போதும் தீங்காகும் என்றும் கூறிவிட முடியாது. கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தங்கள் உடல் எடையில் 20 விழுக்காடுவரை தலையில் சுமந்தும் கூடுதல் ஆற்றல் செலவிடாமல் நடப்பதை 1995-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது; நீண்ட காலப் பழக்கத்தால் நடையே சுமைக்கு ஏற்பத் திருந்தியிருந்தது. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தூரம் வெள்ளி ரதத்தைத் தொடரும் தைப்பூச நடையிலும், காவடியோடு 272 படிகள் ஏறி இறங்குவதிலும் இப்பழக்கமின்மையே இடராகிறது. ஆண்டு முழுவதும் மெத்தென்ற காலணி அணிந்து அமர்ந்தே வேலை செய்துவிட்டு, ஒரே நாளில் வெறுங்காலில் தார்ச்சாலையையும் படிகளையும் மிதிக்கும் பாதத்துக்கும், படியிறங்கும்போது எடையின் மூன்றரை மடங்கைத் தாங்கும் முழங்காலுக்கும், விரதத்தைப் போலவே முன்கூட்டிய பயிற்சியும் தேவை.

உணர்விழந்த பாதம்

பாதம் ஒரு புலனுறுப்பும் ஆகும். உள்ளங்காலின் தோலிலுள்ள நரம்பு முனைகள் அழுத்தத்தையும் அதிர்வையும் மூளைக்கு அறிவிப்பதால்தான் உடல் சமநிலை காக்கிறது; பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் நடைபாதைகளில் பதித்துள்ள புடைப்புக் கற்கள் பாதத்தின் அவ்வுணர்வை நம்பியே வழிகாட்டுகின்றன. கென்யாவில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு, வெறுங்கால் நடையால் தடித்த தோல் உணர்வைக் குறைப்பதில்லை என்றும் நிறுவியது.

அவ்வுணர்வு அற்றுப்போனால் நேர்வதை உலகுக்குத் தெளிவாக விளக்கியது தமிழ்நாட்டுத் தொழுநோய் மருத்துவமாகும். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, நோயாளிகளின் பாதங்கள் அழிவதற்கு நோய்க்கிருமி நேரடிக் காரணமன்று என்பதை உணர்ந்தார். வலி தெரிந்தவர் ஓரிடம் நோகத் தொடங்கியதும் அறியாமலேயே நடையை மாற்றி எடையை வேறிடத்துக்கு நகர்த்துகிறார். வலி தெரியாதவர் அதே இடத்தை ஆயிரக்கணக்கான முறை மிதிக்கிறார். ஒவ்வோர் அடியின் அழுத்தமும் மிதமானதே எனினும் அதன் இடைவிடாத தொடர்ச்சி திசுவை வீங்கச் செய்து புண்ணாக்குகிறது. இதன் பயனாகவே நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற செருப்புகள் வேலூர் வட்டாரத்தில் உருவாயின. பாதம் முழுவதையும் ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டால் அழுத்தத்தைப் பரவச் செய்து புண்ணை ஆற்றும் முறைக்கு, 1930-களில் இலங்கையில் மில்ராய் பாலும் இந்தியாவில் ஜோசப் கானும் முன்னோடிகளாகக் குறிப்பிடப்படுகின்றனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பிலும் உணர்விழந்த பாதமே பலருடைய ஊனத்துக்கு வாயிலாக இருந்தது.

தொழுநோய் அரிதாகிவிட்ட இன்று அந்த இடத்தை, மக்கள் இனிப்பு நீர் என்று கூறும் நீரிழிவு பிடித்துள்ளது. மலேசிய அரசின் 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், நாட்டின் மூன்று பெரும் இனங்களுள் இந்தியரிடையே அது மிகுதி எனவும் காட்டியது. நீரிழிவு நரம்பைத் தாக்கி உணர்வைப் போக்குவதோடு நில்லாமல், பாதத்தின் சிறுதசைகளை மெலியச் செய்து விரல்களைப் பறவையின் நகம்போல் வளைத்து மடக்குகிறது. நாண்களையும் மூட்டிணைப்புகளையும் இறுகச் செய்து முன்பாதத்தின் அழுத்தத்தை உயர்த்துகிறது. இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண் ஆறுவதைத் தடுக்கிறது. ஆகவே நல்ல பாதத்துக்கு நன்மை தரும் வெறுங்கால் நடை, உணர்விழந்த பாதத்துக்குப் பேராபத்தாகிறது. வெயிலில் காய்ந்த கோயில் தளமும் தார்ச்சாலையும் சுட்டது தெரியாமலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

தீர்வுகளும் அவற்றின் எல்லைகளும்

பாதத்தைத் திருத்துவதாகக் கூறி விற்கப்படும் பொருள்களின் பயனைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. வளைந்து கொடுக்கும் தட்டைப் பாதம் உடைய குழந்தைகளுக்குத் திருத்தக் காலணியும் உள்ளணையும் கொடுத்து மூன்றாண்டுகள் கவனித்த வெங்கரின் குழுவினர், அவை வளைவின் வளர்ச்சியை மாற்றவில்லை என்று 1989-இல் அறிவித்தனர். முழங்கால் தேய்வுக்கு வெளிவிளிம்பு உயர்ந்த உள்ளணைகளை அணிவது, சமதள உள்ளணைகளைவிட வலியைக் குறைக்கவில்லை என்று 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த மீளாய்வு கண்டது. இதற்கு மாறாக, உணர்விழந்த பாதத்தில் அழுத்தத்தைப் பரப்பும் காலணியும் மாவுக்கட்டும் தெளிவான பயன் தருகின்றன. வடிவத்தைத் திருத்தும் முயற்சி பெரிதும் தோற்று, சுமையைப் பகிரும் முயற்சி வென்றிருப்பது இத்துறையின் மிக முக்கியமான படிப்பினையாகும். 1968-இல் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் என்னும் ரப்பர் செயற்கைப் பாதம், சம்மணமிடவும் குந்தி அமரவும் சேற்றில் வெறுங்காலாய் நடக்கவும் இடம் தந்ததால் நிலைத்தது; பயன்படுத்துபவரின் தரையையும் தொழிலையும் அறிந்து செய்யும் கருவியே பயன்படும் என்பதற்கு அது சான்றாகும்.

தொகுத்து நோக்கினால், நடையில் பாதத்தின் இயக்கம் முழங்காலையும் இடுப்பையும் முதுகையும் தொடுகிறது என்பது உறுதி. ஆனால் வளைவின் உயரம் மட்டும் ஒருவருடைய வலியை முன்னறிவிப்பதில்லை. வலியில்லாத தட்டைப் பாதத்துக்கு மருந்து வேண்டியதில்லை. சிறு குழந்தைகள் வீட்டிலும் தூய்மையான மண்ணிலும் வெறுங்காலில் ஓடியாட வேண்டும். அவர்களுடைய சப்பாத்து முன்பக்கம் அகன்றதாக இருக்க வேண்டும். தோட்ட நிறுவனங்கள் தொழிலாளரின் முதுகைக் காக்க விரும்பினால், குலையின் எடையைக் கையாளும் கருவிகளையும், உறுதியான பாலங்களையும், எடை குறைந்த பூட்ஸையும் வழங்க வேண்டும். நீரிழிவு உடைய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசு மருந்தகத்தில் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலின் உணர்வைச் சோதித்துக்கொள்வதும், நாள்தோறும் பாதத்தின் அடியைக் கண்ணாலோ கண்ணாடியாலோ பார்ப்பதும், உணர்வு குறைந்தவர்கள் கோயில் தளத்திலும் காலுறை அணிவதும் கட்டாயமாக வேண்டும். காலுறை அணிந்து வலம் வருபவர்களைத் தடுக்காமல் ஏற்பது கோயில் நிர்வாகங்களின் கடமையாகும். அதனால் காக்கப்படும் கால்கள் பல.